பளபளப்பு மரத்தைக் காக்காது

முழு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் ஏராளம். வெளிச்சுவரில் வார்னிஷைக் கனமாக ஏற்றிப் பளபளக்க வைத்துவிட்டால் மழை புகாது, மரமும் கெடாது என்று வீட்டுக்காரர்கள் பலர் நம்புகிறார்கள். மரத்தின் இயல்பையே மறந்த நம்பிக்கை இது.

மரம் ஈரத்தை வாங்கியும் விட்டும் பெருத்துச் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஆண்டு வளையங்களின் போக்கில் அது சுருங்குவது, ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் உருண்டைக் கட்டை காயும்போது வெடித்தே தீரும். வெடிப்போடு சேர்ந்து விரிய முடியாத வார்னிஷ் படலமும் அங்கே கிழியும். வானம் பார்த்த வெடிப்பாக இருந்தால் மழைநீர் அதில் இறங்கிப் படலத்துக்குப் பின்னால் தேங்கும். சீக்கிரம் காய வழியிருக்காது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மட்கவைக்கும் பூஞ்சை தலைகாட்டாது. 30 சதவீதத்தை எட்டினால் அதற்குக் கொண்டாட்டம்தான். மேலே மினுமினுப்புக் குறையாத கட்டைக்குள் திருப்புளி சிரமமில்லாமல் இறங்குவது இப்படித்தான்.

வெயிலையும் நிறமற்ற வார்னிஷ் தடுப்பதில்லை. அதை ஊடுருவும் புற ஊதாக் கதிர், மர நார்களைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. பிடிமானம் இழந்த படலம் செதில் செதிலாக உரிகிறது. முழு வெயில் படும் சுவரில் அதன் ஆயுள் ஓரிரு ஆண்டுகளே. உரிந்ததன்மேல் இன்னொரு பூச்சு ஏற்றுவது புண்ணைப் பட்டால் மூடுவதற்குச் சமம்.

பூச்சு குறைந்தால் மரம் அழிந்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. வெறுமனே விட்ட ஊசியிலை மரம்கூட, நீர் தேங்காத இடத்தில், நூறு ஆண்டுகளில் சுமார் 6 மில்லிமீட்டர்தான் தேயும். நார்வேயின் போர்குண்ட் மரத் தேவாலயம் 12ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. அதன் மரத்தில் காலங்காலமாகப் பூசப்பட்டது பைன் தார்; அடியில் மண் படாதபடி தாங்குவது கல் அடித்தளம். சுவீடனில் ஃபாலுன் சுரங்கத்தின் செந்நிறமியோடு ரை மாவும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்த சாயம் ஈரத்தை வெளியே விடுகிறது. அது உரிவதில்லை, பொடியாக உதிர்கிறது. கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மேலேயே பூசலாம்.

ஆகவே புதுப்பிக்கும்போது பழைய படலத்தை முழுவதும் நீக்குவதே முதல் வேலை. சோளக்கதிர்த் தக்கையின் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சியோ, உப்புத்தாளால் தேய்த்தோ அதை எடுக்கலாம். அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடித்தால் நார்கள் கிளம்பிவிடும். மரம் நன்றாகக் காய்ந்த பிறகு, உள்ளே ஊறும் நிறமி கலந்த எண்ணெய்ச் சாயத்தை மெல்லியதாகப் பூச வேண்டும். மேல்நோக்கிய வெடிப்பு 6 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால், அதில் நுரைக்கயிறு திணித்து, நெகிழும் பசையால் அடைக்க வேண்டும். கீழ்நோக்கிய வெடிப்பில் நீர் தங்காது, அதை விட்டுவிடலாம்.

மழையும் வெயிலும் படாத உட்சுவரில் வார்னிஷ் பூசுவதில் தவறில்லை. வெளிச்சுவருக்கு ஒதுக்கும் பணம் முதலில் அகலமான இறவாணத்துக்கும் மழைநீர்த் தகரத்துக்கும் போக வேண்டும். சாயத்தின் முறை அதற்குப் பிறகுதான்.