பால் சுரப்பும் கணவரின் கைகளும்

பிரசவமாகி மூன்றாம் நாள். தாயின் மார்பு கல்லாய்க் கனக்கிறது. குழந்தையோ வீறிட்டு அழுகிறது. "இவளுக்குப் பால் இல்லை" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் எழும். அடுத்த வேளையே புட்டிப்பால் வந்துவிடும். காரைக்குடிப் பகுதியில் நம் இல்லங்களுக்கு இது புதிதன்று. பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் தவறாமல் வரும். அவளது முதுகை நீவிவிட ஒரு கை வராது.

பாலை உண்டாக்குவது புரோலாக்டின் என்னும் சுரப்பு. உண்டான பாலைக் காம்புவரை தள்ளுவது ஆக்ஸிடோசின். வலியும் அச்சமும் ஏச்சும் இந்த இரண்டாவதைத் தடுத்துவிடும். பால் இருந்தும் இறங்காமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். அப்போது மனத்தையும் உடலையும் தளர்த்துவதற்கே நீவுதல். தாய் மேசைமீது கைகளை மடித்துத் தலைசாய்த்து அமர வேண்டும். கழுத்தடியிலிருந்து தோள்பட்டை எலும்புகள் வரை, முதுகுத்தண்டின் இருபுறமும், கட்டைவிரல்களால் சிறு வட்டங்களாக இரண்டு மூன்று நிமிடம் அழுத்தி நீவினால் போதும். இந்தோனேசியாவில் இதைக் கணவன்மார்களுக்கே கற்றுக்கொடுக்கிறார்கள். நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் தம் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்துவந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்துள்ளார்கள். பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்கிய அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், எவரையும் சக்திக்கு மீறிச் சிரமப்படுத்தலாகாது என்றும் சேர்த்தே சொல்கிறது. அந்தப் பொறுப்பு மளிகைப் பணத்தோடு முடிந்துவிடுவதாக நான் கருதவில்லை.

குளிப்பாட்ட வரும் மூதாட்டியின் கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "கட்டியை உடைக்கிறேன்" என்று எண்ணெய் தடவி மார்பைப் பிசைவதை நிறுத்த வேண்டும். அழுத்திப் பிசைந்தால் வீக்கம் கூடும், திசுக்கள் புண்படும் என்று தாய்ப்பால் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. மார்பின்மேல் பூவைத் தொடுவதுபோல் வருடலாம், அதற்குமேல் வேண்டாம். காய்ச்சலும் சிவப்பும் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நீவுதல் மட்டுமே பாலைப் பெருக்கிவிடாது. நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குழந்தை சப்பிக் குடிப்பதே பாலைப் பெருக்கும். புட்டி நுழைந்தால் அது குறையும்.

கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் வீடுகள் நம்மில் பல. அங்கே முதுகை நீவும் வேலையை மாமியோ நாத்தனாரோ ஏற்கலாம். கணவர் தொலைபேசியில் முதலில் கேட்க வேண்டியது, "பால் வந்துவிட்டதா?" என்பதன்று, "நீ தூங்கினாயா?" என்பதே.