யார் தலையில் விடிகிறது இந்த இலவசம்?

'இலவசம்' என்ற சொல் காதில் விழுந்தால், அதற்கு விலை கொடுப்பவர் யார் என்று உடனே கேட்டுவிட வேண்டும். 2011இல் தமிழக அரசு மிக்சியும் மின்விசிறியும் வழங்கத் தொடங்கியபோது, 'இலவசம்' என்பதைத் தவிர்த்து 'விலையில்லா' என்று பெயரிட்டது. பெயர் எதுவாயினும் செலவு அரசுக் கருவூலத்தினுடையது. அதில் மறைவு இல்லை. இணையத் துணி வணிகத்தின் 'இலவச ரிட்டர்ன்' அத்தகையதன்று. வாக்குறுதி ஒருவருடையது, செலவு வேறொருவருடையது.

திருமுல்லைவாயலில் என் முன்னாள் மாணவி ஒருவர், வீட்டில் இரண்டு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு பருத்திக் குர்த்தி தைத்து ஓர் இணையதளத்தின் வழியே விற்கிறார். சென்ற மாதம், திரும்பி வந்த பார்சல் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். கழுத்தோரம் பவுடர், அக்குளில் வியர்வைக் கறை. "யாரோ விசேஷத்துக்குப் போட்டுட்டுப் போயிட்டு வந்திருக்காங்க, ஐயா" என்றார். பதிவாகியிருந்த காரணமோ, 'அளவு பொருந்தவில்லை'. ஒரு குர்த்தியில் அவருக்கு நிற்பது 80 ரூபாய். திரும்பி வந்தால் தளம் அவர் கணக்கில் கழிப்பது 160 ரூபாய். அதாவது, ஒன்று திரும்பினால் இரண்டு விற்ற லாபம் போயிற்று. கறைபட்ட துணியின் நஷ்டம் தனி.

துணியைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குபவருக்குத் திருப்பித் தரும் உரிமை வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்துக்கு மாறாகவோ இருந்தால், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தால், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்கின்றன. இது நியாயம். ஆனால் 'பிடிக்கவில்லை' என்பதற்காகத் திரும்பப் பெறுவதை அந்த விதி கட்டாயமாக்கவில்லை. அது வாடிக்கையாளரை ஈர்க்கத் தளங்கள் வீசும் தூண்டில். தூண்டில் அவர்களுடையது, புழு மட்டும் தையற்காரியின் வீட்டிலிருந்து போக வேண்டுமாம்!

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டம், இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமலே திருப்பித் தர 14 நாள் அவகாசம் அளிக்கிறது. விற்பவர் தாமே ஏற்றுக்கொண்டாலொழிய, அனுப்பும் செலவு வாங்கியவருடையது. ஜாரா போன்ற பெருநிறுவனமே 2022இல் பிரிட்டனில், அஞ்சல்வழித் திருப்பங்களுக்குக் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. மலையே அசைந்தபோது இந்த மணல்மேடு எம்மாத்திரம்?

என் வீட்டிலும் ஒரே சுடிதாரை இரண்டு அளவுகளில் வரவழைத்து, ஒன்றைத் திருப்பி அனுப்புவது வழக்கம். அந்தப் பார்சலை எடுத்துக் கொடுத்தவன் நானே. அம்பத்தூர் ஓ.டி. ஜவுளிக்கடையில், பிரித்துப் போட்ட நான்கு புடவைகளை மடிக்கும் பெண்ணைப் பார்த்துக் கூசிய மனம், இங்கே கூசவில்லை. மடிப்பவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

பழுதானால் விற்றவர் ஏற்கட்டும். மனம் மாறினால், வாக்களித்த தளம் ஏற்கட்டும். அல்லது மனம் மாறிய நாம் ஏற்போம். தைத்தவர் தலையில் மட்டும் அது விடியக்கூடாது.