சம்பளமில்லாப் பணி செலவில்லாப் பணி அல்ல

தன்னார்வத் தீயணைப்பைப் பற்றிப் பரவலாக நிலவும் நம்பிக்கை ஒன்று உண்டு: தீயை அணைப்பவர்கள் சம்பளம் வாங்காததால் அந்தச் சேவை ஊருக்குச் செலவில்லாமல் கிடைக்கிறது. பெரும்பாலும் இது புகழுரையாகவே ஒலிக்கிறது. காடு எரியும் மாதங்களில் தன்னார்வலர் நாயகர் ஆகிறார். அவருடைய தொண்டுக்கு விலையே இல்லை என்று மேடைகளில் முழங்குகிறார்கள். விலை இல்லை என்று தொடங்குவது, விலை கொடுக்கத் தேவையில்லை என்று போய் முடிகிறது. இந்த நம்பிக்கை தவறு. சம்பளமில்லாப் பணிக்கும் செலவு உண்டு. அரசின் கணக்கேட்டில் ஏறாத அந்தச் செலவைச் சிற்றூரின் குடும்பங்களும் கடைகளும் பண்ணைகளும் சுமக்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஊரகத் தீயணைப்பு வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முதல் காட்டுத்தீ அணைப்புக் குழு 1896இல் பெரிகன் என்னும் ஊரில் அமைந்தது. அண்டை மாநிலமான விக்டோரியாவில் 1939 ஜனவரி 13 அன்று மூண்ட ‘கறுப்பு வெள்ளி’ தீயில் 71 பேர் மாண்டனர். நீதிபதி லியோனர்ட் ஸ்ட்ரெட்டன் அதை விசாரித்து அறிக்கை தந்தார். 1943-44 கோடையில் மறுபடியும் பெருந்தீ பரவிய பிறகே, சிதறிக் கிடந்த ஊர்க்குழுக்களை ஒரே குடையின்கீழ்க் கொண்டுவரும் விக்டோரியா நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம் 1945இல் பிறந்தது. இன்று அந்த ஆணையத்தில் 50,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உள்ளனர். நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புச் சேவையில் ஏறத்தாழ 70,000 பேர். பெருநகரங்களில் சம்பளப் படைகள் உண்டு. நகரை விட்டு வெளியேறினால் பெரும்பாலான நிலப்பரப்பைக் காப்பவர்கள் இவர்களே.

இந்த ஏற்பாடு ஏழைக்கேற்ற மாற்று அல்ல. சில நூறு பேர் வாழும் கோதுமை ஊரில் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் தீ அழைப்பே வராது. ஆனால் வெப்பமும் வறண்ட காற்றும் சேர்ந்துவிட்ட ஒரே பிற்பகலில், ஒரே நேரத்தில், ஆயிரக்கணக்கானோர் பல இடங்களில் தேவைப்படுவார்கள். அந்த ஒரு பிற்பகலுக்காக ஆண்டு முழுவதும் சம்பளப் படையை நிறுத்தி வைக்க எந்த மாநிலத்தாலும் முடியாது. புல்வெளி எந்தப் பக்கம் சரிகிறது, எந்த ஓடையில் தண்ணீர் மிஞ்சியிருக்கிறது, எந்த வேலிக்கதவு பூட்டியிருக்கும் என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்கே தெரியும். செல்வ நாடுகளும் இதே முறையைத் தேர்ந்துள்ளன. ஆஸ்திரியாவில் வியன்னா, கிராட்ஸ், லின்ஸ், சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ருக், கிளாகன்ஃபுர்ட் ஆகிய ஆறு நகரங்களில் மட்டுமே நகராட்சிச் சம்பளப் படைகள் உள்ளன. மற்ற ஊர்களெல்லாம் தன்னார்வலர் கையில்தான். சிலியில் தலைநகர் சாந்தியாகோவின் தீயணைப்பாளர்களும் தன்னார்வலர்களே. ஆகவே, காசில்லாத ஊர்தான் தன்னார்வலரை நாடும் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை.

முதலில் கருவிகளின் செலவு. கரடுமுரடான பாதையில் ஏறக்கூடிய, 3,000 லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும் ஒரு டேங்கர் வண்டியின் விலை பல லட்சம் டாலர். இந்தப் பணம் எங்கிருந்தோ வரத்தான் செய்கிறது. நியூ சவுத் வேல்ஸில் அவசரகாலச் சேவைகளின் செலவைப் பங்கிட நெடுங்காலமாக ஒரு சூத்திரம் இருந்து வந்தது: காப்பீட்டு நிறுவனங்கள் 73.7 விழுக்காடு, உள்ளாட்சி மன்றங்கள் 11.7, மாநில அரசு 14.6. காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கை வாடிக்கையாளர் கட்டும் தவணையில் ஏற்றிவிடும். விக்டோரியாவிலும் இதையொத்த முறையே இருந்தது. 2009 ‘கறுப்புச் சனி’ தீயை விசாரித்த அரச ஆணையத்தின் பரிந்துரைப்படி 2013இல் அது சொத்து உரிமையாளர் அனைவர் மீதும் விழும் வரியாக மாறியது. 2025 ஜூலையில் அந்த வரி விரிவாக்கப்பட்டுப் புதிய பெயர் பெறுவதை எதிர்த்து விவசாயிகளும் தன்னார்வலர்களும் தெருவில் இறங்கினார்கள். அவர்களுடைய கேள்வி எளிமையானது: தீயை அணைக்க உடலையும் கொடுத்து, அதே தீயை அணைக்க வரியையும் ஏன் கொடுக்க வேண்டும்? முனைப்பாகப் பணியாற்றும் தன்னார்வலர்களுக்கு வீட்டுக்கோ பண்ணைக்கோ வரித் தள்ளுபடி உண்டு என்று அரசு அறிவித்தது. தன்னார்வலரின் உழைப்புக்குப் பணமதிப்பு உண்டு என்பதை அந்தத் தள்ளுபடியே ஒப்புக்கொள்கிறது.

வரிக்கணக்கில் வராத கருவிகளும் உண்டு. சொந்தப் பிக்கப் வண்டியின் பின்பக்கம் நீர்த்தொட்டியும் பம்பும் பொருத்தி, அறுவடைக் காலம் முழுவதும் தயாராக வைத்திருப்பது ஊரகப் பண்ணைகளில் வழக்கம். பெரிய டேங்கர் வருவதற்கு முன் வைக்கோல் தாளில் பற்றிய தீயைச் சுற்றி வளைப்பவை பெரும்பாலும் இந்த வண்டிகளே. அவற்றின் டீசலும் தேய்மானமும் பண்ணைக்காரரின் தலையில்.

இரண்டாவது செலவு பயிற்சி. சம்பளம் இல்லாதவர்களிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது என்ற பெருந்தன்மை, செலவில்லை என்ற நம்பிக்கையின் இன்னொரு முகம். அது உயிரைக் குடிக்கும். 1998 டிசம்பர் 2 அன்று, பல்லாரட் அருகேயுள்ள லிண்டனில் காட்டுத்தீயை எதிர்கொண்ட கீலாங் மேற்குக் குழுவின் டேங்கர், காற்று திடீரெனத் திசை மாறியதால் தீயில் சிக்கியது. வண்டியில் இருந்த 5 தன்னார்வலர்களும் இறந்தனர். அதன் பிறகே விக்டோரியாவில் குறைந்தபட்சத் திறன் பயிற்சி பெறாதவர் தீமுனைக்குப் போகக் கூடாது என்ற விதி அழுத்தம் பெற்றது. காற்று மாற்றத்தை எதிர்பார்த்து நிற்பது, தற்காப்புக்காகத் தொட்டியில் நீரை மீதம் வைப்பது, எரிந்து முடிந்த நிலத்துக்குப் பின்வாங்குவது ஆகியவை பாடமாயின. தீ, எதிரே நிற்பவர் சம்பளக்காரரா தொண்டரா என்று பார்ப்பதில்லை; எனவே பயிற்சியின் தரமும் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். அந்தத் தரத்தை எட்டத் தன்னார்வலர் கொடுப்பது மாதக்கணக்கான மாலைகளையும் வார இறுதிகளையும். பால் கறந்துவிட்டு, கடையை அடைத்துவிட்டு, பிள்ளைகளை மற்றவரிடம் விட்டுவிட்டு வந்து கற்கும் நேரம் அது.

மூன்றாவது செலவு இழந்த வருமானம். ஒரு நாள், இரண்டு நாள் தீயென்றால் ஊர் சமாளித்துக்கொள்ளும். 2019-20 கோடை அப்படிப்பட்டதல்ல. நியூ சவுத் வேல்ஸில் மட்டும் ஏறத்தாழ 55 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. 2,400க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. தன்னார்வலர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், களத்தில் நின்றார்கள். பொறுமை எல்லை மீறியபோதுதான், 2019 டிசம்பர் இறுதியில் பிரதமர் ஸ்காட் மாரிசன் இழப்பீட்டை அறிவித்தார்: பத்து நாட்களுக்கு மேல் பணிக்கு அழைக்கப்பட்ட, சுயதொழில் அல்லது சிறு, நடுத்தர நிறுவன வேலையில் உள்ள தன்னார்வலருக்கு நாளொன்றுக்கு 300 டாலர் வரை, மொத்தம் 6,000 டாலர் வரை. செலவே இல்லாத சேவை என்றால் இழப்பீடு எதற்கு?

சட்டமும் இதே முரண்பாட்டைச் சுமக்கிறது. ஆஸ்திரேலியாவின் 2009ஆம் ஆண்டு நியாயமான வேலைச் சட்டம், தீயணைக்கப் போன ஊழியரை வேலையை விட்டு நீக்காமல் காக்கிறது. ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் தர முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. அதே சட்டத்தின் அதே பகுதியில், நீதிமன்ற ஜூரிப் பணிக்குப் போகும் நிரந்தர ஊழியருக்கு முதல் பத்து நாட்கள் சம்பள இழப்பை முதலாளி ஈடுசெய்ய வேண்டும். குளிரூட்டிய அறையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது குடிமைக் கடமை, எரியும் மலைச்சரிவில் நிற்பது விருப்பப் பணி என்ற பாகுபாட்டுக்கு நியாயம் இல்லை.

முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சிற்றூரில் முதலாளி என்பவர் மூன்று பேரை வைத்து மெக்கானிக் கடை நடத்துபவர். சங்கு ஒலித்ததும் இருவர் கிளம்பிவிட்டால் கடை நின்றுவிடும். பெருநிறுவனம் ஊழியரை விடுவித்துவிட்டு ஆண்டறிக்கையில் அதைப் பெருமையாக எழுதிக்கொள்ளலாம். சிறு கடைக்காரர் வாடகையைத்தான் நினைக்க வேண்டும். பால் பண்ணையிலோ மாடு காத்திருக்காது. காலையும் மாலையும் கறந்தே ஆக வேண்டும். போனவருக்காக அந்த வேலையைச் செய்பவர் மனைவி, கணவர், மகள் அல்லது பக்கத்துப் பண்ணைக்காரர்.

இந்த இரண்டாம் வரிசைதான் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாதது. பத்துப் பேர் குழாயைப் பிடிக்கும்போது பின்னால் பலர் ரொட்டி வெட்டுகிறார்கள், தண்ணீர்ப் பெட்டிகளை ஏற்றுகிறார்கள், வானொலித் தொடர்பைக் கவனிக்கிறார்கள், ஆடுகளை எரிந்து முடிந்த வயலுக்கு ஓட்டுகிறார்கள், தனியே வாழும் முதியவர்களைச் சமூகக் கூடத்துக்குக் கூட்டி வருகிறார்கள். தீ கடந்துபோன பிறகும் வேலை ஓயாது: தீக்காயம் பட்டுச் சுட்டுக் கொல்லப்பட வேண்டிய கால்நடை, விழுந்த வேலி, வேறு மாவட்டத்திலிருந்து லாரியில் வரும் தீவனத்தைப் பங்கிடுதல். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் 173 பேரைப் பலிகொண்ட ‘கறுப்புச் சனி’யில், பிறர் வீடுகளைக் காக்கப் போன தன்னார்வலர்கள் சிலர் திரும்பியபோது தங்கள் வீடே இல்லை. அவர்களைத் தாங்கியதும் இதே ஊர்தான். தீயணைப்புக் குழு என்பது வண்டியும் சீருடையும் மட்டுமன்று. அது ஊர்ச் சமூகத்தின் முழு உழைப்பு. அந்தச் சமூகம் மெலிந்தால் குழுவும் மெலியும்.

நான்காவது செலவு உடலும் உயிரும். 1983 பிப்ரவரி 16 ‘சாம்பல் புதன்’ தீயில், அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டில் மட்டும் நாரே வாரன், பான்டன் ஹில் குழுக்களைச் சேர்ந்த 12 தன்னார்வலர்கள் இறந்தனர். 2019 டிசம்பர் 19 அன்று சிட்னிக்குத் தென்மேற்கே டேங்கர் விபத்துக்குள்ளாகி, ஹார்ஸ்லி பார்க் குழுவின் இருவர் மாண்டனர். இருவரும் பச்சிளம் பிள்ளைகளின் தந்தையர். உடனே கண்ணுக்குத் தெரியாத கேடும் உண்டு. விக்டோரியாவின் ஃபிஸ்க்வில் பயிற்சி மையத்தில் தலைமுறை தலைமுறையாகத் தீயணைப்பாளர்கள் பயின்றார்கள். மண்ணிலும் நீரிலும் நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது வெளிப்பட்டு, அது 2015இல் நிரந்தரமாக மூடப்பட்டது. தீயணைப்பாளருக்கு வரும் குறிப்பிட்ட சில புற்றுநோய்களைப் பணியால் வந்தவையாகவே கருதி இழப்பீடு தரும் விக்டோரியச் சட்டம் 2019இல்தான் நிறைவேறியது. சம்பளக்காரரோடு தன்னார்வலரையும் அது சேர்த்துக்கொண்டது. புகை இருவர் நுரையீரலிலும் ஒரே மாதிரிதான் படிகிறது என்பதைச் சட்டம் ஏற்க இத்தனை காலமானது.

நன்கொடை இந்த இடைவெளியை நிரப்பிவிடும் என்பது அடுத்த வாதம். 2020 தொடக்கத்தில் நடிகை செலஸ்ட் பார்பர் தொடங்கிய நிதிதிரட்டலில் ஏறத்தாழ 5.1 கோடி டாலர் நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்பு அறக்கட்டளைக்குக் குவிந்தது. அதை மற்ற மாநிலங்களுக்கும் வனவிலங்குகளுக்கும் பகிர முடியுமா என்ற கேள்வி மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. அறக்கட்டளைப் பத்திரம் அதற்கு இடம் தரவில்லை என்று தீர்ப்பு வந்தது. காயமுற்ற தீயணைப்பாளருக்கும் உயிரிழந்தோர் குடும்பங்களுக்கும் உதவ வழி இருந்தது. நன்கொடையின் இயல்பே இதுதான்: கண்ணீர் பெருகும் வாரத்தில் கொட்டும், ஓரிடத்தில் தேங்கும், அடுத்த மழைக்காலத்தில் வற்றும். ஆண்டுதோறும் தேவைப்படும் டயர், குழாய், கையுறை, பயிற்சி ஆகியவற்றை அதை நம்பி நடத்த முடியாது.

காசைக் கொண்டுவந்தால் தொண்டுணர்வு கெட்டுவிடும் என்ற மறுப்பு கனமானது. தன்னார்வலர்களில் பலரே அப்படிச் சொல்கிறார்கள், கூலி வேண்டாம் என்கிறார்கள். ஆனால் கூலி வேறு, இழப்பை ஈடுசெய்வது வேறு. ஜெர்மனியில் ஏறத்தாழ 10 லட்சம் தன்னார்வத் தீயணைப்பாளர்கள் உள்ளனர். அங்கே சங்கு ஒலித்ததும் வேலையை விட்டுப் போகும் ஊழியரின் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. தனியார் முதலாளி கேட்டால் உள்ளாட்சி அந்தச் சம்பளத்தைத் திருப்பித் தரும். ஊர் தீயணைப்புப் படை வைத்திருப்பது சட்டக் கடமை. தன்னார்வலர் போதவில்லை என்றால் குடிமக்களைக் கட்டாயமாகச் சேர்க்கவும் சட்டத்தில் இடமுண்டு. இத்தனை இருந்தும் அங்கே தொண்டுணர்வு செத்துவிடவில்லை. சிறுவர் தீயணைப்புக் குழுக்களிலிருந்தே அடுத்த தலைமுறை வருகிறது. தொண்டர் இழப்பாளி ஆகாமல் காப்பது தொண்டைக் கெடுப்பதில்லை, நீடிக்கச் செய்கிறது.

செலவில்லை என்று நம்பிய சமூகத்துக்கு நேர்வதை அமெரிக்க எண்கள் காட்டுகின்றன. தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் கணக்குப்படி அங்கே 1984இல் 8,97,750 ஆக இருந்த தன்னார்வத் தீயணைப்பாளர்கள் 2020இல் 6,76,900 ஆகக் குறைந்தனர். இதே காலத்தில் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது. தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகள், பெரும்பாலும் மருத்துவ உதவிக்கானவை, மும்மடங்குக்கு மேல் பெருகின. காரணங்கள் ஊரகம் எங்கும் ஒன்றே. இளையோர் நகரத்துக்குப் போகிறார்கள், இருப்பவர்களும் வேலைக்காகத் தொலைவுக்குப் போவதால் வாரநாள் பகலில் வண்டியை எடுக்க ஆள் இல்லை, மிஞ்சியவர்களுக்கு வயதாகிறது. ஊரின் பள்ளி, வங்கி, மருத்துவமனை ஒவ்வொன்றாக மூடப்படும்போது தீயணைப்புக் குழுவின் ஆட்களும் குறைகிறார்கள். பள்ளியை மூடிய துறை அதைச் சேமிப்பு என்று எழுதிக்கொள்ளும். அதனால் குழு இழந்த ஆட்களை எந்தத் துறையும் எழுதிக்கொள்வதில்லை.

ஆக, திருத்தப்பட வேண்டியது கணக்கு. களத்தில் கழிந்த நாட்களுக்கு ஜூரிப் பணிக்கு இணையான ஈடு, ஆளை அனுப்பும் சிறு முதலாளிக்குப் பொதுப்பணத்திலிருந்து இழப்பீடு, பயிற்சியும் பாதுகாப்புக் கருவியும் ஆண்டு நிதியில் உறுதி, நோய்க்கும் மனக்காயத்துக்கும் சம்பளக்காரருக்கு நிகரான உரிமை, ஊரகச் சேவையை மூடும் முடிவுக்கு முன் தீயணைப்புக் குழுவின் மீது அதன் விளைவைக் கணக்கிடும் கட்டாயம்: இவை ஐந்தும் தன்னார்வத் தீயணைப்பின் உண்மையான விலைப் பட்டியல். இந்த விலையை அரசு கொடுக்கவில்லை என்பதால் அது இல்லாமல் போவதில்லை. எரியும் ஊரே கூடுதலாகக் கொடுக்கிறது.