மலாயாவை வென்றது கம்பிவேலி

கெரில்லாப் போரை முறியடிக்க மக்கள் மனத்தை வென்றால் போதுமாம். 1948 முதல் 1960 வரை மலாயாவில் பிரிட்டிஷார் அப்படித்தான் வென்றார்களாம். மத்திய இந்தியக் காடுகளிலும் அதே வழியைப் பின்பற்ற வேண்டுமாம். இப்படி எழுதியிருக்கும் கட்டுரையாளர், மலாயாவில் பிரிட்டிஷ் நடவடிக்கையை நடத்திய ஜெனரல் டெம்ப்ளரைப் பத்திக்குப் பத்தி புகழ்கிறார். பத்தாங் காலி என்ற பெயர் அவர் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை. அவர் யார் சொன்ன வரலாற்றைத் திருப்பிச் சொல்கிறார் என்பதற்கு இந்த ஒரு விடுபடலே சாட்சி.

1948 டிசம்பர் 11, 12 தேதிகளில் சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் காலி ரப்பர் தோட்டத்தில், கையில் ஆயுதமில்லாத 24 சீனர்களை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோடியதால் சுட்டதாக அரசு அறிவித்தது. 1970இல், அங்கே இருந்த படைவீரர்கள் சிலரே அது பொய் என்று பத்திரிகைக்கு வாக்குமூலம் கொடுத்தார்கள். கட்டுரையாளர் கொண்டாடும் போரின் முதல் ஆண்டு இப்படித்தான் போனது.

கெரில்லாப் போரின் அடிப்படையையே அவர் புரிந்துகொள்ளவில்லை. காடு கெரில்லாவை மறைக்கும், அவனுக்குச் சோறு போடாது. அரிசி, உப்பு, மருந்து, எதிரி எங்கே நிற்கிறான் என்ற தகவல் எல்லாம் ஊரிலிருந்துதான் வர வேண்டும். மலாயாவில் இவற்றைக் கொடுத்தவர்கள் காட்டோரத்தில் பட்டா இல்லாத நிலத்தில் பயிர் செய்துவந்த சீனக் குடிகள். ஜப்பானியர் ஆட்சியில் பசிக்கும் கொடுமைக்கும் பயந்து அங்கே போய்க் குடியேறியவர்கள் இவர்களில் ஏராளம். 1950இல் கெரில்லா எதிர்ப்பு நடவடிக்கைகளுக்குப் பொறுப்பேற்ற ஹரால்டு பிரிக்ஸ் இதைச் சரியாகக் கணக்கிட்டார். அந்தக் குடிகளைக் காட்டோரத்திலிருந்தே அப்புறப்படுத்துவது என்று முடிவெடுத்தார்.

ஏறத்தாழ 5 லட்சம் பேர் பெயர்க்கப்பட்டார்கள். ராணுவம் விடியலில் வந்து குடியிருப்பைச் சூழ்ந்துகொள்ளும். கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு லாரியில் ஏற வேண்டும். குடிசைகள் கொளுத்தப்படும். கொண்டுபோய் இறக்கிய இடத்தில் கம்பிவேலி, காவல் கோபுரம், இரவு ஊரடங்கு. காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களை வாயிலில் நிறுத்திச் சோதித்தார்கள். கெரில்லாக்கள் கைக்குப் போய்விடும் என்று மதியச் சோற்றைக்கூட எடுத்துப் போக விடவில்லை. கடையில் விற்ற டப்பா உணவை அங்கேயே துளையிட்டுக் கொடுத்தார்கள், சேமித்து வைக்க முடியாதபடி. சில இடங்களில் வீட்டில் அரிசி வைத்திருப்பதையே தடைசெய்து, பொதுவில் சமைத்த சோற்றைப் பங்கிட்டார்கள். சோறு ஒரே நாளில் கெட்டுப்போகும், காட்டுக்குக் கடத்த முடியாது. கட்டுரையாளர் 'வளர்ச்சித் திட்டம்' என்று எழுதும் புதுக்கிராமங்கள் இவைதான். பள்ளியும் மருந்தகமும் பின்னால் வந்தன, அதை மறுக்கவில்லை. வேலி போட்ட பிறகு வந்தவை அவை.

டெம்ப்ளர் மலாயாவில் வந்திறங்கியது 1952 பிப்ரவரியில். குடிபெயர்ப்பின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிட்டது. பொதுமக்களைப் பாதிக்கும் தாக்குதல்களைக் கைவிடும்படி, கெரில்லாக்களை நடத்திய கம்யூனிஸ்ட் கட்சி 1951 அக்டோபரிலேயே தன் ஆட்களுக்கு உத்தரவிட்டிருந்தது. டெம்ப்ளர் வந்த அடுத்த மாதம் தஞ்சோங் மாலிம் அருகே கெரில்லாக்கள் பதுங்கித் தாக்கி 12 பேரைக் கொன்றார்கள். அவர் நேரில் போய் அந்த ஊருக்கு நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்தார், அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார், பள்ளியை மூடினார். குற்றம் செய்தவன் யாரென்று தெரியாமல் ஊரையே பட்டினி போட்டவரை மனங்களை வென்றவர் என்று எழுத எப்படிக் கை வந்தது?

தமிழில் எழுதும் ஒருவர் எஸ்.ஏ. கணபதியை மறந்திருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தஞ்சை மண்ணில் பிறந்து, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானவர் அவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு கருணை கேட்டும் பயனில்லை. அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். வலுவான தொழிற்சங்கங்களை நசுக்கிய பிறகே ரப்பர் தோட்டங்கள் 'அமைதி'யாயின.

கெரில்லாக்கள் தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் சீனர்கள். மலாய் விவசாயிகளிடம் அவர்கள் வேரூன்றவே இல்லை. வெளியிலிருந்து ஆயுதம் வர வழியில்லை. அடையாள அட்டைகளைப் பறித்தும், ரப்பர் மரங்களை வெட்டியும், தங்களை நம்பிய ஏழைகளுக்கே அவர்கள் தொல்லை கொடுத்தார்கள். கொரியப் போரால் ரப்பர் விலை ஏறியதும் அரசின் கருவூலம் நிரம்பியது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1957 ஆகஸ்ட் 31 அன்று நாடு விடுதலை பெற்றது. யாரை வெளியேற்றப் போராடினார்களோ அவர்களே ஆட்சியை ஒப்படைத்துவிட்ட பிறகு, காட்டில் இருப்பதற்கான நியாயம் கரைந்தது. அடுத்த ஆண்டில் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்தார்கள்.

இந்தச் சூழல் இல்லாத இடத்தில் வேலியை மட்டும் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் சாட்சி. மலாயா அனுபவசாலியான ராபர்ட் தாம்சன் சைகோனில் ஆலோசகராக இருந்தபோதே, 1962இல் அங்கே வேலியிட்ட கிராமங்கள் எழுந்தன. மலாயாவில் பெயர்க்கப்பட்டவர்களுக்கு நிலவுரிமை இருக்கவில்லை. வியட்நாம் விவசாயியோ முன்னோர் கல்லறைகள் இருந்த ஊரிலிருந்து பிடுங்கப்பட்டான். 1963 முடிவதற்குள் திட்டம் குலைந்தது.

இந்தியா இதைச் செய்து பார்க்க வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். இந்தியா ஏற்கெனவே செய்தது, மிசோ மலைகளில் எழுந்த கிளர்ச்சியை அடக்க. 1966 மார்ச்சில் ஐஸ்வால் மீது நம் விமானப்படையே குண்டு வீசியது. 1967 தொடங்கி 500க்கும் மேற்பட்ட கிராமங்கள் காலிசெய்யப்பட்டு, மக்கள் காவலுக்குள் தொகுக்கப்பட்டார்கள். ஊர்கள் எரிந்தன, ஜூம் சாகுபடி சிதைந்தது, பசி வந்தது. கிளர்ச்சியோ ஓயவில்லை. 1986 ஜூன் 30 அன்று கையெழுத்தான ஒப்பந்தம்தான் அதை முடித்தது. கிளர்ச்சித் தலைவர் லால்டெங்கா அதே ஆண்டில் முதலமைச்சரானார். வேலியால் முடியாததைப் பேச்சுவார்த்தை முடித்து வைத்தது. மத்திய இந்தியாவின் பஸ்தர் ஆதிவாசிகளுக்கு மலாயாவைப் பரிந்துரைக்கும் அந்தப் பத்திகளைக் கட்டுரையாளர் திரும்பப் பெற வேண்டும்.