கிளினிக் கார்டை ஒளிக்க வேண்டாம்



கற்பிட்டிப் பக்கத்துக் கடலோரக் கிராமமொன்றில் ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கையைச் சந்தித்தேன். இரண்டு மாதமாக அவள் கிளினிக்குக்குப் போகவில்லை. கணவனிடமிருந்த ஹெரோயின் பழக்கம் அவளையும் பிடித்திருந்தது. "மிஸ், இரத்தம் எடுத்தாக் கண்டுபிடிச்சு பொலிசுக்குச் சொல்லிடுவாங்க. பிள்ளையையும் பறிச்சிடுவாங்க" என்று அழுதாள்.

இந்தப் பயம் காரணமின்றி வந்ததல்ல. போதைப்பொருள் வைத்திருப்பது நமது சட்டத்தில் குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 'ஐஸ்' போதைப்பொருளுக்கும் கடும் தண்டனை விதித்தது. 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியபோது ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். அதை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் கேட்டனர். சுற்றிவளைப்பு என்ற சொல்லே நம்மில் பலருக்குப் பழைய காயம். அந்தச் சொல் காதில் விழுந்தால் கர்ப்பிணி வீட்டுக்குள் ஒளிகிறாள்.

ஒளிந்தால் நட்டம் யாருக்கு? இரத்த அழுத்தம், இரத்தச்சோகை, பிள்ளையின் வளர்ச்சி எதுவும் தெரியாமல் போகும். பயத்தில் ஹெரோயினைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து; கருச்சிதைவோ குறைமாதப் பிரசவமோ நேரலாம். வைத்தியரின் கண்காணிப்பிலேயே விடுபட வேண்டும். பிறந்த குழந்தைக்கு நடுக்கமும் ஓயாத அழுகையும் வந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. ஆனால் வைத்தியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் ஒவ்வொரு வருகையிலும் குற்றஞ்சாட்டாமல் இதைக் கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் வழிகாட்டியது. நமது 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டமும் தானாக முன்வந்து சிகிச்சை பெற வழி வைத்திருக்கிறது. ஆனால் சிகிச்சை நிலையங்கள் பெரும்பாலும் ஆண்களை நினைத்தே அமைந்தவை. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் எங்கே போவாள்? இதைக் கேட்பது நமது உரிமை.

அந்தத் தங்கையோடு குடும்பநல உத்தியோகத்தரும் நானும் கிளினிக்குக்குப் போனோம். வைத்தியரிடம் அவளே வாய்திறந்து சொன்னாள். யாரும் ஏசவில்லை. முதலில் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்க வைத்தார்கள்.

சகோதரிகளே, அயலில் இப்படி ஒருத்தி இருந்தால் ஊர்வாய்க்கு அவளைக் கொடுத்துவிடாதீர்கள். கூடப் போங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927.

அடுத்த மாதம் சந்திப்போம்.