சிவப்பு காலிப்பரா, புது பிரேக் ஆயிலா? மலைப்பாதையில் காப்பாற்றுவது எது?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதை. காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய பைகள். ஏழெட்டு கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் ஏதோ கருகும் வாசனை. வெளியே யாரோ எதையோ எரிக்கிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால், பஞ்சு மூட்டையை மிதித்தது போல பெடல் உள்ளே போகிறது. வண்டி நிற்கவில்லை. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்து, கியரைக் குறைத்து, எப்படியோ ஓரம் கட்டுகிறார்கள்.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பிரேக் பழையபடி வேலை செய்கிறது. மறுநாள் வொர்க் ஷாப்பிலும், 'எல்லாம் நல்லாத்தானே சார் இருக்கு' என்ற பதில்தான் வருகிறது.

சீசன் நேரத்தில் மலைப்பாதைகளில் பல குடும்பங்களுக்கு நேரும் அனுபவம் இது. பத்திரமாக வீடு திரும்பியதும் செல்போனில் தேடல் தொடங்கும். ஸ்டீல் வலை சுற்றிய பிரேக் ஹோஸ், நான்கு பிஸ்டன் உள்ள பெரிய சிவப்பு காலிப்பர் என்று வீடியோக்கள் வரிசை கட்டும். "இதை மாட்டிட்டா இனிமே பயமே இல்லப்பா" என்பார் மகன். "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?" என்பார் அப்பா.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, அம்மா கேட்கும் கேள்வியில் இருக்கிறது: "பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க?"

பெடல் ஏன் உள்ளே போனது?

நீங்கள் பெடலை மிதிக்கும்போது, அந்த அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டு போவது பிரேக் ஆயில். காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை அது தள்ள, பிஸ்டன் பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்துகிறது. உராய்வில் வண்டியின் வேகம் சூடாக மாறுகிறது. பிரேக்கின் வேலையே, ஓட்டத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுவதுதான்.

குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல், அதே காரை 100 கி.மீ. வேகத்திலிருந்து ஏறக்குறைய 38 முறை நிறுத்துவதற்குச் சமம். எதிர்க்காற்றும் இன்ஜினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் இன்ஜினின் பங்கும் பிரேக்கின் தலையில்தான் விழும்.

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவிகிதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205 டிகிரி 140 ஆகிவிடும்.

கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். உங்கள் கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும், காலிப்பருக்குப் போய்ச் சேராது. சூடு ஆறியதும் குமிழ் மறைந்துவிடும், பெடல் பழையபடி நிற்கும். வொர்க் ஷாப்பில் எல்லாம் நன்றாக இருந்ததன் ரகசியம் இதுதான்.

இன்னொரு வகையும் உண்டு. பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. அது பேட் அளவுக்கு மீறிச் சூடாகி, பிடிப்பை இழந்த நிலை.

ஸ்டீல் ஹோஸ் என்ன செய்யும்?

காரின் அடியில் ஓடும் பிரேக் லைன் பெரும்பாலும் இரும்புக் குழாய். திரும்பி ஆடும் சக்கரத்துக்குப் போகும் கடைசிப் பகுதி மட்டும் ரப்பர் ஹோஸ். அழுத்தி மிதிக்கும்போது அது இம்மியளவு உப்பும். ஸ்டீல் ஹோஸில் உள்ளே டெஃப்ளான் குழாய், வெளியே ஸ்டீல் வலை என்பதால் அந்த உப்பல் குறையும். பெடல் கெட்டியாகும், மிதித்ததும் உடனே பிடிக்கும் உணர்வு கிடைக்கும்.

ஆனால், நிற்கும் தூரம் இதனால் மட்டும் குறைந்துவிடாது. ஆயில் கொதிப்பதையும் இது தடுக்காது. ரப்பர் ஹோஸில் வெடிப்போ, உப்பலோ, கசிவோ இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அப்போது புது ஒரிஜினல் ரப்பர் ஹோஸ் போட்டாலே பெடலில் வித்தியாசம் தெரியும்.

ஸ்டீல் ஹோஸ்தான் வேண்டும் என்றால், அமெரிக்காவின் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 106 போன்ற தரச் சான்று உள்ளதாக, உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக வாங்குங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியும், சக்கரத்தைத் தொங்கவிட்டும், ஹோஸ் எங்காவது இழுபடுகிறதா, முறுக்கிக்கொள்கிறதா, உரசுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேலுறை இல்லாத ஸ்டீல் வலை, உரசும் இடத்தை ரம்பம் போல அறுத்துவிடும். போல்ட்டோடு வரும் செம்பு வாஷர்களையும் புதிதாகவே போட வேண்டும். கடைசியில் லைனில் துளிக் காற்றுகூட இல்லாமல் ஏர் எடுக்க வேண்டும். இதெல்லாம் பிரேக் வேலை தெரிந்த மெக்கானிக் செய்ய வேண்டியது. வீட்டு வாசலில் செய்து பார்க்கும் வேலை அல்ல.

பெரிய காலிப்பர்?

திடீரென்று அழுத்தி மிதிக்கும்போது ஏ.பி.எஸ். 'டரடர'வென்று காலில் அதிர்கிறதா? அப்படியானால், டயர் தாங்கக்கூடிய பிடிப்புக்கு மேலேயே உங்கள் பிரேக் சக்தி தருகிறது என்று அர்த்தம். காலிப்பரைப் பெரிதாக்கினாலும் அந்த ஒரு முறை நிற்கும் தூரம் குறையாது. அதைத் தீர்மானிப்பது டயரும் ரோடும்தான்.

பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் உதவுவது, திரும்பத் திரும்ப வேகமாக நிறுத்தும்போது சூட்டைத் தாங்க. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓட்டுபவர்களுக்கு அது தேவைதான்.

வீட்டுக் காரில் சிக்கல் வேறு. காலிப்பர் பிஸ்டன் பெரிதானால் அதை நகர்த்த அதிக ஆயில் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடல் இன்னும் ஆழமாகப் போகும். முன், பின் சக்கரங்களுக்கு எவ்வளவு பிரேக் என்ற கணக்கைக் கம்பெனி சோதித்து வைத்திருக்கும். ஏ.பி.எஸ்.ஸும் அந்தக் கணக்கில்தான் வேலை செய்கிறது. பின்பக்கம் மட்டும் பிரேக் அதிகமானால் பின்சக்கரம் முதலில் வழுக்கி, வண்டி சுற்றிவிடலாம். பெரிய காலிப்பர் சிறிய வீலுக்குள் அடங்காது. அலாய் வீலும் டயரும் சேர்ந்து மாறும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், க்ளெய்ம் நேரத்தில் தகராறாக வந்து நிற்கலாம்.

பசை தடவி ஒட்டும் சிவப்பு காலிப்பர் கவர்கள் வெறும் அலங்காரம். காற்றோட்டத்தை மறைத்தால் சூடுதான் கூடும்.

முதலில் செய்ய வேண்டியது

* பிரேக் ஆயிலை, பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, கார் கையேடு சொல்லும் வகையிலேயே மாற்றுங்கள். வெறுமனே மேலே ஊற்றி நிரப்புவது போதாது. டாட் 5 என்பது சிலிக்கான் வகை. மற்றவற்றோடு கலக்கவே கூடாது.
* பேட் தேய்ந்திருந்தால் நல்ல தரத்தில் மாற்றுங்கள். டூப்ளிகேட் பாக்கெட் மலிவு என்று ஏமாறாதீர்கள்.
* ஹோஸ், டிஸ்க், டயர் மூன்றையும் மலைப் பயணத்துக்கு முன் பார்க்கச் சொல்லுங்கள்.
* ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவல் மோடு. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்தி வேகத்தைக் குறைத்துக் காலை எடுத்துவிடுங்கள்.
* கருகல் வாசனை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடலாம்.
* பெடல் உள்ளே போனால் விட்டுவிட்டு வேகமாக மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள்; பிரேக்குக்குக் கிடைக்கும் பூஸ்டர் உதவி போய்விடும்.

இவ்வளவையும் செய்த பிறகும் ஆசை இருந்தால், தரமான ஸ்டீல் ஹோஸ் போட்டுக்கொள்ளலாம். மகனுக்கும் திருப்தி. காலிப்பரில் கைவைக்காததால் அப்பாவுக்கும் நிம்மதி. ஆனால், அடுத்த கோடையில் குன்னூரிலிருந்து இறங்கும்போது அந்த ஐந்து பேரையும் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்கப்போவது, சில நூறு ரூபாய் பிரேக் ஆயிலும் இரண்டாவது கியரும்தான். கிளம்பும் முன் அம்மாவின் கேள்விக்கு ஒரு தேதியோடு பதில் சொல்ல முடிந்தால் போதும்.