ஆணி ஒன்று, துளை எத்தனை?

பெங்களூருவிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருகிறது பொம்மசந்திரா. தொழிற்பேட்டையின் நீண்ட சுவர்கள், வரிசை கட்டி நிற்கும் லாரிகள், பழைய டயர் ஒன்றை நிமிர்த்தி வைத்து அதையே பெயர்ப்பலகை ஆக்கிக்கொண்ட பஞ்சர் கடைகள். 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் இங்கே வந்து சேர்ந்தது. ஆனாலும் ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலை வாசல்களை நிறைப்பது மோட்டார் சைக்கிள்கள்தான். ஓசூர்ப் பக்கத்திலிருந்து மாநில எல்லையைத் தாண்டி தினமும் வந்து போகும் தமிழர்கள் அவற்றில் நிறைய.

இவர்களுக்கு பஞ்சர் என்பது வெறும் எரிச்சல் அல்ல. வாசலில் தாமதம் என்றால் சம்பளத்தில் கை வைப்பார்கள். இரவு ஷிப்டு முடிந்து திரும்பும்போது என்றால் லாரிகளுக்கு நடுவே இருட்டில் வண்டியைத் தள்ள வேண்டும். இந்த அவசரம்தான் சிலருக்கு மூலதனம்.

தந்திரம் பழையது. ட்யூப் இல்லாத டயரில் குத்தியிருப்பது ஒரே ஆணி. கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவுகிறார். சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் நான்கு இடத்தில் குமிழி வருகிறது. “நாலு பஞ்சர் சார்!” மற்ற மூன்றும் உள்ளங்கையில் மறைந்திருந்த ஊசியின் கைவண்ணம். ஒவ்வொரு துளைக்கும் தனித்தனிக் கட்டணம்.

சாலையிலேயே ஆணிகள் தூவப்படுவதாகவும் பெங்களூருவில் பல ஆண்டுகளாகப் புகார் உண்டு. பெனடிக்ட் ஜெபகுமார் என்ற பொறியாளர் வெளிவட்டச் சாலையில் தான் வேலைக்குப் போகும் வழியில், காந்தம் கட்டிய கோலால் கிலோ கணக்கில் ஆணிகளைப் பொறுக்கி எடுத்து 2010களில் செய்தி ஆனார். எல்லாம் லாரியிலிருந்து தற்செயலாகச் சிந்தியவை என்று நம்புவது கடினம்.

இதற்காகக் கடைக்காரர்கள் அனைவரையும் திருடர்களாகப் பார்ப்பது அநியாயம். வெயிலிலும் மழையிலும் குந்தி உட்கார்ந்து, கைநகமெல்லாம் கறுத்துப்போக வேலை செய்கிறவர்களே பெரும்பாலோர். நாலு பேர் செய்யும் மோசடியில் நஷ்டப்படுவது அவர்களும்தான். வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்திருந்தால் இருவருமே பிழைப்பார்கள். அதற்குப் பெரிய தொழில்நுட்ப ஞானம் தேவையில்லை.

காற்றடைத்த டயருக்கு ஜான் பாய்டு டன்லப் காப்புரிமை பெற்றது 1888இல். அப்போது டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். மறு வருடம் பிரான்சில் மிஷெலின் சகோதரர்களின் பட்டறைக்கு பஞ்சரான சைக்கிள் ஒன்று வந்தது. சரிசெய்ய மணிக்கணக்கில் ஆனது. பசை காய ஓர் இரவு பிடித்தது. அந்த அலுப்பில் பிறந்ததுதான் கழற்றி மாட்டக்கூடிய டயர். 1891இல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் அந்த டயரைப் போட்டு ஓட்டியவரே வென்றார். இன்று பொம்மசந்திராவில் கடைப் பையன் இரண்டு இரும்பு லிவர்களால் சில நிமிடங்களில் டயரைப் பிரிப்பது அதன் தொடர்ச்சி.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியவை. காற்று இறங்கியது தெரிந்ததும் சட்டென்று பிரேக் அடிக்காமல் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். ட்யூப் உள்ள வண்டி என்றால், “கடை பக்கத்தில்தானே” என்று ஏறி ஓட்டாதீர்கள். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கும், வால்வு அடியோடு பிய்ந்துவிடும். பிறகு “ட்யூப் போச்சு சார், புதுசுதான் போடணும்” என்று கடைக்காரர் சொன்னால் அது பொய்யாக இருக்காது.

ட்யூப் இல்லாத டயரில் நிலைமை வேறு. ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள். துளையை ஓரளவு அடைத்துக்கொண்டிருப்பது அதுதான். காற்று நிற்கிறது என்றால் மெதுவாகக் கடைவரை போய்விடலாம்.

கடையில் முதலில் எண்ணிக்கை, பிறகு வேலை. காற்றை நிரப்பச் சொல்லி, டயர் முழுக்கச் சோப்புத் தண்ணீர் ஊற்றி, குமிழி வரும் இடங்களை உங்கள் எதிரிலேயே சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். வால்வு வாயிலும் ஒரு சொட்டு விடுங்கள். சில நேரம் கோளாறு அங்கேதான். உள்ளே இருக்கும் ஊசியை இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். டீ குடிக்கப் போவதை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ட்யூபை வெளியே எடுத்தால், ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். முள்ளோ கம்பித் துண்டோ உள்ளே தங்கிவிட்டால் அடுத்த கிலோமீட்டரில் அதே பஞ்சர். ட்யூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது சற்றுக் காய்ந்த பிறகே பேட்ச் வைக்க வேண்டும். ஈரத்தில் வைத்தால் பிடிப்பு நிற்காது. அவசரப்படுத்தினால் நஷ்டம் நமக்கு.

ட்யூப் இல்லாத டயரில் ரப்பர் திரி செருகுவது தரையில் படும் பகுதிக்கு மட்டும்தான். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் ஒட்டு வேலை ஆபத்து. டயரையே மாற்ற வேண்டும். கட்டைகள் தேய்ந்து வழுவழுப்பான டயரில் ஆணி சுலபமாக இறங்கும். அதனால் காற்றின் அளவோடு டயரின் தேய்மானத்தையும் வாரம் ஒரு முறை பாருங்கள். பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசம். அது தயவல்ல, அவர்கள் தந்தாக வேண்டிய வசதி.

கடைசியாக, பிடுங்கிய ஆணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று பஞ்சருக்குக் காசு கேட்டால், மூன்றையும் குத்தியது எது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நேர்மையான கடைக்காரர் அதை நீங்கள் கேட்கும் முன்பே உங்கள் உள்ளங்கையில் வைப்பார். வாங்கியதை மறுபடி சாலையில் எறியாதீர்கள். பின்னால் அடுத்த ஷிப்டு வந்துகொண்டிருக்கிறது.